கடைசிக் கைக்கே கூலியா?

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகரைப் பார்த்தவர்கள் நம்முள் சிலரேனும் இருப்பர். விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைப்பவர் அவர். அதற்கு ஒரு கூலி உண்டு. பகலெல்லாம் அவர் பேசி முடித்த பேரத்தில், பணம் எண்ணும் வேளையில் வேறொருவன் ஓடிவந்து, "வாங்க வைத்தவன் நானே" என்று கூலியைப் பெற்றுப் போனால் சந்தை சும்மா இருக்குமா? இணையச் சந்தை சும்மா இருந்தது, நண்பர்களே! பல ஆண்டுகள் இருந்தது.

ஒரு நூலையோ கைப்பேசியையோ அறிமுகம் செய்பவர், அதை விற்கும் கடையின் லிங்க்கைத் தம் காணொளிக்குக் கீழே தருகிறார். அதில் அவருக்குரிய அடையாளக் குறி ஒன்று இருக்கும். நாம் சொடுக்கியதும் நம் உலாவியில் 'குக்கி' என்னும் சிறு குறிப்பு பதிகிறது. பொருளை வாங்கினால், கடை அக்குறிப்பைப் பார்த்து, அனுப்பி வைத்தவருக்கு விலையில் ஒரு பங்கைக் கமிஷனாகத் தருகிறது. அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பது இதுவே. அமேசான் 1996-இல் இதனைத் தொடங்கிய பின் உலகெங்கும் பரவிற்று. தமிழ்நூல்களைப் பற்றிப் பேசும் நம் மன்றத்து நண்பர் சிலருக்கும் இது விடுதிச் செலவுக்கு ஒரு சிறு துணை.

இங்கே ஒரு விதி உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் குறி பதிந்திருந்தால், கடைசியாகப் பதிந்தவருக்கே முழுக் கூலியும் சேரும். கேடு நுழைந்த வாயில் இதுதான்.

2012-இல் அமெரிக்காவில் 'ஹனி' என்ற எக்ஸ்டென்ஷன் தோன்றியது. உலாவியில் சேர்த்துக்கொண்டால், பணம் செலுத்தும் பக்கத்தில் தள்ளுபடிக் கூப்பன்களைத் தேடித் தரும் என்றார்கள். 2020-இல் பேபால் நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு அதனை வாங்கியது. 2024 டிசம்பரில் 'மெகாலாக்' என்ற பெயரில் யூடியூபில் இயங்குபவர் அதன் உள்ளே நடப்பதைத் திரையில் காட்டினார். ஹனியின் பெட்டியை நாம் சொடுக்கியவுடன், கண்ணுக்குப் படாமல் ஒரு பக்கம் திறந்து மூடியது; பரிந்துரைத்தவரின் குறி மறைந்து ஹனியின் குறி அமர்ந்தது. கூப்பன் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அது சொல்ல, "சரி" என்று நாம் அழுத்தினாலும் அன்று இதே கதைதான்! இதில் வேடிக்கை என்னவென்றால், கூலியை இழந்தவர்களுள் பலர் பணம் பெற்றுக்கொண்டு ஹனிக்கே விளம்பரம் செய்தவர்கள்.

இத்தனை ஆண்டுகள் கூக்குரல் எழாதது ஏன்? வாங்குபவருக்கு விலை ஏறவில்லை. கடைக்காரர் யாருக்கோ கொடுக்கவேண்டிய கமிஷனைக் கொடுத்தார். இழந்தவர் ஒருவரே, தாம் இழந்தது அவருக்கே தெரியாது. வராத கூலிக்குக் கணக்குப் புத்தகத்தில் வரி ஏது?

கூப்பன் தேடித் தருவதும் உழைப்புத்தானே என்று கேட்கலாம். உண்மையில் விலையைக் குறைத்துக் கொடுத்தால் அதற்கென்று ஒரு கூலி தரட்டும், நான் மறுக்கவில்லை. பிறர் அழைத்து வந்தவரிடம் ஒன்றும் தராமல், அழைத்து வந்தவரின் பெயரை அழிப்பதற்குக் கூலியா?

குற்றச்சாட்டு எழுந்தபோது பேபால் சொன்ன விடையை எண்ணிப் பாருங்கள். கடைசிச் சொடுக்கு உள்ளிட்ட தொழில் விதிகளையும் வழக்கங்களையும் பின்பற்றுகிறோம் என்றது. காணொளியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். முன்பு ஈபேயின் விளம்பரத்தைச் சொடுக்காதவர்களின் கணினியிலும் குக்கியைத் திணித்துக் கமிஷன் பெற்ற ஷான் ஹோகனுக்கு 2014-இல் ஐந்து மாதச் சிறை கிடைத்தது. அது வெளிப்படையான மோசடி. இங்கோ பயனர் ஏதோ ஒன்றைச் சொடுக்குகிறார். அந்தச் சொடுக்கின் நிழலில் விதியே கேடயமாக நிற்கிறது.

2025 மார்ச்சில் கூகிள் தன் குரோம் கடைக்குரிய நெறிகளைத் திருத்தியது. பயனருக்கு நேரான நன்மை இல்லாமல் எக்ஸ்டென்ஷன்கள் அஃபிலியேட் குறியைப் புகுத்தக்கூடாது என்றது. வரவேற்கிறேன். ஆனால் அது வாயிற்காவல் மட்டுமே. இடைநின்று கமிஷனைப் பங்கிடும் வலையமைப்புகளிலோ, வேறொருவர் அழைத்து வந்தவர் என்று கண்டால் எக்ஸ்டென்ஷன் ஒதுங்கி நிற்கவேண்டும் என்ற ஒப்பந்த விதி முன்பே இருக்கிறது. ஒதுங்கினானா என்று பார்ப்பவர் யார்? கடைசிக் கைக்கே முழுக் கூலி என்ற விதியைக் கடைகள் கைவிடவேண்டும். முதலில் அழைத்து வந்தவரின் குறியைத் தம் ஆணைக் கணக்கிலேயே எழுதி வைத்து, அவருக்கு ஒரு பங்கை உறுதி செய்யவேண்டும். இதற்கு வேண்டுவது புதிய அறிவியல் அன்று, மனம். கணக்கு அவர்கள் கையில்தானே இருக்கிறது?

அதுவரை, நாம் விரும்பும் ஒருவரின் லிங்க் வழியே வாங்கும்போது உலாவியின் தனிமைச் சாளரத்தைத் திறந்துகொள்வோம். நாமாக இசைவு தந்தாலன்றி எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயங்கா. காணொளி செய்யும் நண்பர்கள் கடைகளோடு ஒப்பந்தம் செய்யுமுன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்கட்டும்: என் குறிக்கு மேல் இன்னொரு குறி விழுந்தால் என் கூலி என்ன ஆகும்? அப்படி எத்தனை முறை விழுந்தது என்று மாதந்தோறும் எனக்குக் காட்டுவீர்களா?