நிலக்கரிச் சுரங்கங்கள் மூடல்: நகரங்களின் எதிர்காலம் என்ன? தங்கவயல் உணர்த்தும் பாடம்

புது டெல்லி: நாட்டின் நிலக்கரி உற்பத்தி 2024-25 நிதியாண்டில் 100 கோடி டன்னைக் கடந்தது. அதே வேளையில், பழைய நிலத்தடிச் சுரங்கங்கள் பல மூடப்பட்டு வருகின்றன. உற்பத்தியின் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு மாறியுள்ள நிலையில், அதிகத் தொழிலாளர்கள் தேவைப்படும் நிலத்தடிச் சுரங்கங்கள் நஷ்டத்தில் இயங்குவதே இதற்கு முக்கியக் காரணம்.

ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மூடல் திட்டமும், அதற்கெனத் தனி வங்கிக் கணக்கில் வைப்புத் தொகையும் 2009-ம் ஆண்டு முதல் கட்டாயம். பள்ளங்களை நிரப்புதல், மரம் நடுதல் போன்ற நிலச் சீரமைப்புப் பணிகளே இவற்றின் மையம். அண்மைத் திருத்தங்கள் மக்கள் நலனையும் குறிப்பிடுகின்றன. ஆனால், சுரங்கத்தை நம்பியே வளர்ந்த நகரத்தை யார் பொறுப்பேற்பது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

இக்கேள்விக்கு விடை காணாவிட்டால் நேர்வது என்ன என்பதற்குக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் சான்று. தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் குடியேறிய இந்நகரில், பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. வேலையுடன், நிறுவனம் நடத்திய மருத்துவமனையும் போனது. இன்று ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று பிழைக்கின்றனர். சயனைடு கலந்த கழிவு மண்மேடுகள் குடியிருப்புகளை ஒட்டியே நிற்கின்றன. அவற்றில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல்தான் ஒப்புதல் அளித்தது.

நிலக்கரித் துறையில் நிரந்தர ஊழியர்கள் பெரும்பாலும் வேறு சுரங்கங்களுக்கு மாற்றப்படுகின்றனர். ஒப்பந்தத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், தேநீர்க் கடைக்காரர்கள் ஆகியோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மாதச் சம்பளக்காரர்கள் வெளியேறியதும் கடைவீதியின் வியாபாரமும் சரிகிறது.

மாவட்ட கனிம அறக்கட்டளை நிதியிலும் இதே சிக்கல் உண்டு. 2015-ல் சட்டபூர்வமாக்கப்பட்ட இந்நிதி, கனிம உரிமத்தொகையின் ஒரு பங்காக வசூலிக்கப்படுகிறது. சுரங்கம் நின்றால் வரவும் நிற்கும். அதாவது, மக்களுக்கு மிகவும் தேவைப்படும் காலத்தில் நிதி வற்றிவிடும்.

இந்த மாற்றத்தை எதிர்கொள்ள ஜார்க்கண்ட் அரசு 2022-ல் சிறப்புப் பணிக்குழு அமைத்தது. குடிநீர், மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைப்பதும், ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கணக்கெடுப்பதும் சுரங்கம் இயங்கும்போதே முடிய வேண்டியவை. மூடிய பிறகு அவற்றுக்குப் பணமும் இருக்காது. பொறுப்பேற்க நிர்வாகமும் இருக்காது என்பதே தங்கவயலின் அனுபவம்.