இழுக்கும் உப்பும் விடுக்கும் உப்பும்

எலுவன்குளத்தை அடுத்துக் கலா ஓயா புத்தளம் கடலேரியோடு கலக்குமிடத்தில் கண்டற் காடுகள் செழித்து நிற்கின்றன. அடியில் உவர்நீர், முடியிலோ வாடாத பசுமை. உப்பு நீரிலிருந்து நன்னீரை வாங்கும் வித்தை அம்மரங்களுக்குக் கைவந்திருக்கிறது. நமக்கும் அது கைகூடுமா என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

ஊறுகாய் போடும் தாய்மார் இதில் பாதியை முன்பே அறிவர். மாங்காய்த் துண்டுகளில் உப்பிட்டு வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விடுகிறது. அந்நீரை எவரும் பிழியவில்லை, உப்பே இழுத்தது. நீரை விட்டுக் கரையத்தைத் தடுக்கும் மென்சவ்வொன்றின் இருபுறமும் இரு கரைசல்கள் இருந்தால், நீர் செறிவு மிகுந்த பக்கத்தையே நாடும். இதுவே பிரசாரணம்.

வடமத்திய மாகாணத்தில் காரணம் முற்றும் துலங்காத சிறுநீரக நோய் பரவியபின், கடற்படையினரும் பிறரும் ஊர்தோறும் குடிநீர் நிலையங்களை நிறுவினர். அவை எதிர்ப் பிரசாரணத்தால் இயங்குவன: பம்பியின் வலிமையால் நீரை மென்சவ்வினூடே நெருக்கித் தள்ளுவன. கடல் நீராயின், அதன் 27 வளிமண்டலப் பிரசாரண அமுக்கத்தை வென்று, அதற்கும் மேலாக அமுக்க வேண்டும். நேர்ப் பிரசாரணமோ தள்ளுவதில்லை. மறுபுறம் அதனினும் செறிந்த கரைசலை வைத்து நீரை இழுத்துக்கொள்கிறது.

எக்கரையத்தை வைப்பது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இழுக்கும் வலிமை கரையத்தின் நிறையைப் பொறுத்ததன்று, துணிக்கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இவ்விதியை வகுத்த வான்ட் ஹோவ் 1901 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான முதல் நொபெல் பரிசைப் பெற்றார். கறியுப்பு நீரில் இரண்டு அயன்களாகப் பிரியும். மகனீசியம் குளோரைட்டு மூன்றாகும். சீனியோ ஒன்றாகவே நிற்கும். ஆகவே 58 கிராம் உப்பின் வேலையைச் செய்ய ஏறத்தாழ 680 கிராம் சீனி வேண்டும்.

அப்படியாயின் உப்பே போதுமே எனலாம். ஆனால் சிறிய அயன்கள் மென்சவ்வினூடே பின்புறமாகவும் கசிந்துவிடும். மகனீசியம் அவ்வளவு கசிவதில்லை. எனினும் பெரிய துணிக்கைகள் மெல்லவே பரவுவதால் நீரின் வரவு தளரும். நஞ்சற்றதாகவும், மலிவாகவும், மென்சவ்வில் படிந்து அடைக்காததாகவும் அது இருத்தல் வேண்டும். கண்ணா மரமும் இத்தேர்வைச் செய்கிறது: இலைக்கலங்களின் உள்ளே உயிர்ப்பொருளுக்குத் தீங்கு செய்யாத கிளைசீன் பீட்டேன் என்னும் பொருளையே திரட்டி வைக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது இனித்தான் வருகிறது. இழுத்த நீர் கரையத்தோடு கலந்தல்லவா இருக்கிறது? அதைப் பிரித்தாலன்றிக் குடிக்க இயலாது. 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் அமோனியாவும் காபனீரொட்சைட்டும் சேர்ந்த கரைசலை முன்வைத்தனர். 60 பாகை செல்சியசு அளவில் சூடேற்றினால் இரண்டும் வாயுக்களாகி வெளியேறும், நீர் எஞ்சும். வீணாகும் வெப்பம் கிடைக்குமிடத்தில் இது நன்மை தரும். வெப்பத்துக்கென்று விறகெரிக்க நேர்ந்தாலோ, பம்பியில் மிச்சம் பிடித்ததை அடுப்பில் இழந்தவராவோம். இயற்கை தன் கணக்கில் ஒரு சதத்தையும் விட்டுக்கொடுப்பதில்லை.

புத்தளத்து உப்பளங்களில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மகனீசியம் மிகுதி. அது மலிவான, வலிய இழுப்புக் கரைசல்தான். ஆயினும் அதனுள் வந்த நீர் அடுப்படிக்கு வர, இன்னொரு வடிகட்டல் தேவை. பிரிக்கவே வேண்டாத வழியும் உண்டு: கரையம் உரமாயின், உவர்க் கிணற்றிலிருந்து இழுத்த நீரை மேலும் நன்னீர் கலந்து உரத்தோடு பயிருக்கே பாய்ச்சலாம்.

ஆதலால், மாணவர்களே, கரையத்தைத் தெரிவு செய்யும்போது, "எவ்வளவு இழுக்கும்?" என்று மட்டும் கேளாதீர்கள். "கேட்டபோது எவ்வளவு எளிதில் விடும்?" என்றும் கேளுங்கள். உவர்க் கிணற்றை நம்பியிருக்கும் குடும்பத்தின் குடத்தில் எத்தனை துளி சேருமென்பதை இவ்விரண்டாம் கேள்வியே முடிவு செய்கிறது.