மருத்துவமனைக்காக வாங்கிய கடன்



திருநின்றவூரில் ஒருவருக்குப் பெரிய நோய் என்றால் ஆவடிக்கோ, திருவள்ளூருக்கோ, மின்சார ரயிலேறி சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகிறோம். அரசு மருத்துவமனைகள் வரிப்பணத்தில் நடப்பதாகவே நினைக்கிறோம். கடனும் அவற்றில் கலந்திருக்கிறது.

2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் உலக வங்கிக் கடனில் நடந்தது. 2008இல் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்சு அதன் வழியாக வந்ததே. 2016இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் சுமார் 2,550 கோடி யென் கடன் தர ஒப்பந்தமானது. கீழ்ப்பாக்கம், மதுரை, கோவை மருத்துவமனைகளில் புதிய கட்டடங்கள் இத்திட்டத்தில் எழுந்தன. இவை தவிர, பொதுச் செலவுகளுக்காக மாநில அரசு ரிசர்வ் வங்கி மூலம் கடன் பத்திரங்களை ஏலத்தில் விற்கிறது. வங்கிகளும் எல்.ஐ.சி.யும் அவற்றை வாங்குகின்றன. அதாவது நம் சேமிப்பே நமக்குக் கடனாக வருகிறது.

இப்படிக் கடன் வாங்குவது தவறா? பல ஆண்டுகள் நிற்கும் கட்டடத்திற்கு, அதைப் பயன்படுத்தப்போகும் அடுத்த தலைமுறையும் பங்களிப்பது நியாயமே. ஆனால் கட்டடத்தைக் கடனில் எழுப்பிவிடலாம். மருத்துவர், செவிலியர், மருந்து, கருவிகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் பூட்டிக் கிடக்கும் அறைக்கு நம் பிள்ளைகள் வட்டி கட்டுவார்கள்.

நல்ல சமாரியர் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததோடு நிற்கவில்லை. மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றார் (லூக் 10:35). அந்த இரண்டாவது பொறுப்பைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், சுடப்பட்ட கென்னடியைக் கொண்டு சென்ற பார்க்லாண்ட் மருத்துவமனையைப் புதிதாகக் கட்ட 74.7 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று 2008இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். தங்கள் சொத்து வரியிலிருந்தே அடைக்க வேண்டும் என்று தெரிந்தும், வாக்களித்தவர்களில் 82 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். 2015இல் புதிய மருத்துவமனை திறக்கப்பட்டது.

இங்கே கடன் வாங்கும் முன் நம்மை யாரும் கேட்பதில்லை. வாங்கிய பின் நாம் கேட்கலாமே! நகராட்சியின் பகுதி சபையில் கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதிக் கேட்கலாம். நாம் போகும் மருத்துவமனையில் எத்தனை பணியிடங்கள் காலி? ஸ்கேன் கருவி கடந்த ஆண்டில் எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது? பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள்?

தனியார் மருத்துவமனைக்குப் போக வசதி இல்லாத ஏழைக்கு இந்தக் கேள்விகளின் பதிலில்தான் உயிர் இருக்கிறது. அவருக்காக நாம் கேட்போமா?