வில்லைக்கு ஒரு காவல்

புதிய புகைப்படக் கருவி வாங்குவோரிடம் கடைக்காரர்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கும் பொருள் பாதுகாப்பு வடிகட்டியாகும். லென்சு எனப்படும் வில்லையின் முன்புறத்தில் திருகிப் பொருத்தும் இந்த வட்டக் கண்ணாடியைப் பலரும் ‘ஃபில்டர்’ என்றே அழைப்பர். இதனை ஒருபோதும் கழற்றக்கூடாது என்பர் சிலர். இது வீண்செலவு என்பர் வேறு சிலர். இவ்விரண்டு கருத்துகளும் முழு உண்மையல்ல. வடிகட்டி தேவையா என்பதைப் படமெடுக்கும் இடமே முடிவு செய்ய வேண்டும்.

இதற்குச் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியே நல்ல சான்று. ராசா வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில், வெயில் நாள்களில் லாரி ஒன்று கடந்து சென்றாலே செம்மண் புழுதி எழும். கோல சிலாங்கூர்க் கடலில் நிலைமை இன்னும் கடுமையானது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல்நீர் வற்றும்போது வெளிப்படும் மணல்திட்டு, வானத்தைக் கண்ணாடிபோல் காட்டும். ‘ஸ்கை மிரர்’ எனப்படும் அவ்விடத்திற்குப் படகில் செல்வோரின் கருவியின்மீது உப்புநீர் தெறிக்கும். நீர் உலர்ந்ததும் உப்புத்துகள் படிந்துவிடும். அதைச் சட்டை நுனியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழலாம். கீறல் விழுந்த வடிகட்டியை எளிதில் மாற்றலாம். வில்லையின் முன்கண்ணாடியை மாற்றுவதோ பெருஞ்செலவு. ஆகவே, இத்தகைய இடங்களில் வடிகட்டி அவசியம்.

ஆனால், அதே கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் இரவில் படமெடுப்போர் அதைக் கழற்றிவிடுவதே நன்று. அங்கே ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மெல்லிய ஒளி சிந்தும். மேற்பூச்சு இல்லாத கண்ணாடி, தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். படகுத்துறை விளக்கின் ஒளி, வில்லைக்கும் வடிகட்டிக்கும் இடையே பிரதிபலித்துப் பொய்யான ஒளிப்புள்ளிகளை உண்டாக்கலாம். பிறகு எது மின்மினி, எது கண்ணாடி செய்த மாயம் என்று பிரித்தறிவது கடினம்.

கருவி கீழே விழுந்தால் வடிகட்டி காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையும் மிகையானது. மெல்லிய கண்ணாடி சிறு அடியிலேயே உடையும். அதன் சில்லுகள் வில்லையைக் கீறவும் கூடும். மோதலைத் தாங்க, ‘ஹூட்’ எனப்படும் நிழல்மறைப்பு பெரும்பாலும் சிறந்தது.

வடிகட்டி வாங்குவோர் முதலில் அளவைப் பார்க்க வேண்டும். வில்லையின் முன்விளிம்பிலோ மூடியின் உட்புறத்திலோ 52, 58, 67, 77 போன்ற எண் இருக்கும். அதுவே மில்லிமீட்டரில் விட்டம். அடுத்து, ஒளிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பல்லடுக்கு மேற்பூச்சு உள்ளதா என்று பார்க்க வேண்டும். ‘யூவி’ என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. படச்சுருள் காலத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்க அது உதவியது. இன்றைய மின்னியல் கருவிகளில் ஒளி உணரிக்கு முன்பே அத்தடுப்பு அமைந்துள்ளது.

பள்ளிப் புகைப்படக் கழகங்களில் ஒரே கருவி பலர் கைக்கு மாறுகிறது. அங்கே மலிவான வடிகட்டிகள் பலவற்றைவிடத் தரமான ஒன்றே மேல். அதனுடன், அதை எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது என்பதையும் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். அந்த அறிவு இல்லாவிடில், விலையுயர்ந்த வடிகட்டியும் படத்தைக் கெடுக்கும் வெறும் கண்ணாடியே.