மாமாவோட கான்டெஸாவும் மச்சானோட ஆறு சிலிண்டரும்

போன வாரம் ஊருக்கு, அதாவது பொங்கலூருக்கு, போனப்ப ஆரம்பிச்ச சண்டை இது. இன்னும் வாட்ஸப்ல ஓடிட்டு இருக்கு. ஆபீஸ்ல பில்டு ஓடற கேப்ல இந்தப் பதிவைத் தட்டறேன். கார் பிடிக்காத மக்கள் இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

மேட்டர் இதுதான். எங்க மாமாகிட்ட ஒரு கான்டெஸா கிளாசிக் இருக்கு. 1991 மாடல், வெள்ளைக் கலர். திருப்பூர்ல நாலு நிட்டிங் மிஷின் போட்டு நல்லா ஓடிட்டு இருந்த காலத்துல செகண்ட் ஹேண்டா வாங்கினது. 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு வந்துச்சே, அப்ப அடி வாங்கினவங்கள்ல மாமாவும் ஒருத்தர். மிஷினை வித்தார். வாங்கிப் போட்டிருந்த சைட்டை வித்தார். வண்டியை மட்டும் விக்கலை. இப்ப தோப்புல ஓலைக் கொட்டாய்க்குள்ள நிக்குது. ஞாயித்துக்கிழமை ஆனா தொடைச்சு, ஸ்டார்ட் பண்ணி, திருச்சி ரோட்டுல பல்லடம் வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சுட்டு வருவார்.

மாமா பையன், அதாவது நம்ம மச்சான், மெக்கானிக்கல் முடிச்சவன். அவன் சொல்றான், "மாப்ள, இந்த இசுஸு இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு ஆறு சிலிண்டர் ஏத்தினா இது ஸ்போர்ட்ஸ் கார்டா".

அவன் சொல்றதுல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவனோட துருப்புச் சீட்டையே முதல்ல வைக்கறேன். கான்டெஸா நம்மூர்ல பொறந்த வண்டி இல்லை. இங்கிலாந்துல வாக்ஸ்ஹால் கம்பெனி 1972ல விக்டர்னு ஒரு கார் விட்டாங்க. அதோட கடைசி அவதாரத்தைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கிட்டு வந்து 1984 வாக்குல உத்தர்பாராவுல கான்டெஸாவா ஓட்டினாங்க. அந்த விக்டருக்கு வென்டோரான்னு ஒரு பணக்கார அண்ணன் உண்டு. அதே பாடி. உள்ள 3.3 லிட்டர், நேர்வரிசையில ஆறு சிலிண்டர்! ஆக அந்த நீளமான பானெட்டுக்குள்ள ஆறு பேர் வரிசையா உக்கார ஏற்கெனவே இடம் போட்டிருக்கு. நம்மாளுங்க அந்த இடத்துல முதல்ல வச்சது என்ன தெரியுமா? அம்பாசடர்ல இருந்த 1.5 லிட்டர் இன்ஜின். யானைக்கு ஆட்டுக்குட்டி இதயம். அப்புறம்தான் இசுஸு 1.8 வந்து மானத்தைக் காப்பாத்துச்சு. அதுலயும் 90 குதிரைக்குக் கொஞ்சம் கம்மிதான்.

இந்தக் கொடுமையில மெட்ராஸுக்கும் பங்கு இருக்குங்க. ஸ்டாண்டர்ட் 2000 ஞாபகம் இருக்கா? 1985ல ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் விட்ட கார். அதோட பாடி, இங்கிலாந்து ரோவர் எஸ்டி1. 1977ல ஐரோப்பாவோட சிறந்த கார்னு பட்டம் வாங்கின வண்டி. அங்க அதுக்கு 3.5 லிட்டர் வி8 இருந்துச்சு, 2.3லயும் 2.6லயும் ஆறு சிலிண்டர் இருந்துச்சு. இங்க? 1940கள்ல வந்த வேன்கார்ட் காரோட நாலு சிலிண்டரைத் தட்டிக் கொட்டி உள்ள வச்சாங்க. 1988க்குள்ள கதை முடிஞ்சது. நல்ல பாடிக்குத் தப்பான இன்ஜின் போட்டா என்ன ஆகும்னு பாடமே எடுக்கலாம்.

அதுக்காக ஆறு சிலிண்டர்ங்கறது நமக்கு அந்நியச் சரக்கும் இல்லை. திருச்சி ரோட்டுல நின்னு பாருங்க. ஹினோ இன்ஜின் போட்ட லேலண்ட் பஸ், டாடா 697 போட்ட லாரி, எல்லாமே ஆறுதான். சின்ன வயசுல பஸ்ல இன்ஜின் பாக்ஸ் பக்கத்துல உக்காந்து வந்தவங்களுக்கு அந்த உறுமல் எலும்புக்குள்ள இருக்கும்.

நேர்வரிசை ஆறுல அப்படி என்ன விசேஷம்னு கேக்கறவங்களுக்கு: நாலு சிலிண்டர்ல பிஸ்டன் மேலயும் கீழயும் போறப்ப ஒண்ணோட உதறலை இன்னொண்ணு முழுசா அடக்காது. கிராங்க் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள ரெண்டு தடவை அதிர்ற ஒரு மிச்சம் இருந்துட்டே இருக்கும். ஆறை வரிசையா நிறுத்தினா முன் மூணும் பின் மூணும் கண்ணாடி பிம்பம் மாதிரி. அந்த மிச்சம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுட்டு காணாமப் போயிரும். 120 டிகிரிக்கு ஒருக்கா வெடிக்கறதால இழுவையும் வெண்ணெய் மாதிரி. வி6 இடத்தை மிச்சம் பண்ணும், ஆனா இந்த சுகம் வராது. அதை ரெண்டா வெட்டி எதிரெதிரா வச்சதும் ஆட்டம் திரும்ப வந்துரும்.

சரி, போட்டே ஆகணும்னா எதைப் போடறது? மச்சான் உருகறது டொயோட்டா 2ஜேஇசட்-ஜிடிஇ. சுப்ரால வந்த 3 லிட்டர், ரெண்டு டர்போ, வார்ப்பிரும்பு பிளாக். ஜப்பான்ல பேப்பர்ல 280 குதிரை, ஏற்றுமதி வண்டில 320 பக்கம். பிளாக்கைத் தொடாமலே அதுக்கு ரெண்டு மடங்கு வாங்கினவங்க உலகம் பூரா இருக்காங்க. நல்ல இன்ஜின்தான், மறுக்கலை. ஆனா அந்தப் பேருக்கே ஒரு விலை இருக்கு. இன்னிக்கு இன்ஜினை வாங்கறமா புகழை வாங்கறமான்னு தெரியலை.

நிசான் ஆர்பி26? ஸ்கைலைன் ஜிடிஆரோட உசுரு. சத்தம் கேட்டா புல்லரிக்கும். ஆனா பழைய கிராங்க்ல ஆயில் பம்பை ஓட்டற இடம் வீக்கு. பம்பு போச்சுன்னா மொத்தமும் போச்சு. பொங்கலூர்ல உக்காந்துட்டு அதுக்குப் பார்ட்ஸ் தேடறதுக்கு பதிலா தவமிருக்கலாம்.

பிஎம்டபிள்யூ எம்54, 3 லிட்டர், 231 குதிரை, அலுமினியம் பிளாக். மூக்கு கனக்காது. கூலிங் சிஸ்டத்துல இருக்கற பிளாஸ்டிக் எல்லாம் வயசானா அப்பளம் மாதிரி உடையும், நம்ம மே மாச வெயிலுக்குக் கேக்கவே வேண்டாம். ஹோண்டா அக்கார்டு வி6 கைக்கு எட்டற தூரத்துல கிடைக்கலாம். ஆனா அது குறுக்கால நின்னு முன் சக்கரத்தை ஓட்டற இன்ஜின். அதைத் திருப்பி நிறுத்தி பின் சக்கரத்துக்குக் கொண்டு போறதுக்குள்ள மச்சானுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தையே பொறந்துரும்.

என் ஓட்டு யாரும் கண்டுக்காத 2ஜேஇசட்-ஜிஇக்கு. டர்போ இல்லாத தம்பி, 220 குதிரை. சூடு கம்மி, குழாய் கம்மி, தலைவலி கம்மி. கான்டெஸாவுக்கு அதுவே ரெண்டரை மடங்கு. இதுக்கு மேல போட்டா பின் ஆக்ஸில், பிரேக், ஸ்டியரிங், ரேடியேட்டர்னு ஒவ்வொண்ணா மாத்தணும். கடைசில மாமாவோடதுன்னு மிஞ்சறது கதவும் நம்பர் பிளேட்டும்தான். கிராஸ்மெம்பர்ல ஆயில் சம்ப் இடிக்குமான்னு யாராவது அளந்து பாத்திருக்காங்களான்னு கேட்டேன். மச்சான் பேச்சை மாத்திட்டான்.

ஆனா என்னோட உண்மையான கருத்து இது எதுவும் இல்லை. ரோட்டு வண்டியா இதைச் செய்யவே கூடாதுங்கறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தெளிவா இருக்கு. ஆர்சியில இருக்கற விவரம், கம்பெனி முதல்ல சொன்னதுக்கு மாறாப் போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில கேரளாவுல இருந்து போன வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தியே சொல்லிருச்சு. காமெடி என்னன்னா, இன்ஜினையே கழட்டிட்டு அங்கீகாரம் வாங்கின பேட்டரி கிட் போட வழி இருக்கு. ஆறு சிலிண்டர் பெட்ரோல் போட வழி இல்லை. "யார் மாப்ள பானெட்டைத் தூக்கிப் பாக்கப் போறாங்க"ங்கறான். சாதாரண நாள்ல யாரும் பாக்க மாட்டாங்கதான். ஒருத்தர் மேல மோதின அன்னிக்குப் பாப்பாங்க. அன்னிக்கு இன்ஷூரன்ஸ்காரங்க முன்னாடி நிக்கப் போறது மச்சான் இல்லை, ஆர்சியில பேர் இருக்கற மாமா.

இன்னொண்ணும் இருக்கு. 2021ல வின்டேஜ் வண்டிகளுக்குன்னு தனிப் பதிவு விதி வந்துச்சு. 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேஸி, பாடி, இன்ஜின்ல பெரிசாக் கை வச்சிருக்கக் கூடாது. மாமா வண்டி 2041ல அந்த வரிசைக்கு வரும். அப்ப ஊர்ல எத்தனை கான்டெஸா ஒரிஜினல் இசுஸுவோட மிஞ்சும்னு நினைக்கறீங்க? இன்னிக்கு இன்ஜினை அறுத்தா, அந்த வாய்ப்பையும் சேர்த்து அறுக்கறோம்.

"அப்ப ஸ்போர்ட்ஸ் கார் ஆசையே படக் கூடாதா"ன்னு கேட்டான். படலாம்டா. கோயமுத்தூர்ல கரிவரதன்னு ஒரு மனுசர் இருந்தார். மாருதி 800ல இருக்கற மூணு சிலிண்டர், 796 சிசி இன்ஜினை எடுத்து ஒத்தை சீட்டு ரேஸ் காரு கட்டினார். ஃபார்முலா மாருதி. அதுல பழகித்தான் ஒரு தலைமுறை ரேஸ் ஓட்டுச்சு. அவர் பேர்லயே செட்டிபாளையத்துல டிராக் இருக்கு, நம்மூர்ல இருந்து எட்டிப் பிடிக்கற தூரம். பதிவு காலாவதியான, துருப்பிடிச்ச ஒரு கான்டெஸா பாடியைத் தேடிப் பிடி, உன் ஆறு சிலிண்டரை அதுல ஏத்து, லாரில வச்சு டிராக்குக்குக் கொண்டு போ. ஸ்பேனர் பிடிக்க நானே வர்றேன். மாமா வண்டில மட்டும் கை வைக்காத.

இவ்வளவும் பேசி முடிச்சப்புறம்தான் மாமாகிட்ட யாருமே கேக்கலைன்னு உறைச்சுது. கொட்டாய்க்குப் போனோம். மச்சான் போன்ல 2ஜேஇசட் சத்தத்தை வச்சுக் காட்டினான். ஒரு நிமிசம் காது குடுத்துக் கேட்டார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. என்ற வண்டில கார்ப்பரேட்டர் சரியில்லீன்னு ரெண்டு மாசமாச் சொல்றனே, அதை எப்பப் பாப்பீங்க ரெண்டு பேரும்?"

அவ்வ்வ்வ். மச்சான் தரையைப் பாத்தான், நான் தென்னைமரத்தைப் பாத்தேன்.

அதனால மக்களே, இசுஸு 1.8க்கு கார்ப்பரேட்டர் ரிப்பேர் கிட்டும் ஹெட் கேஸ்கட்டும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும். மச்சான் கட்சிக்காரங்களும் வந்து கும்மலாம், ஆனா சம்ப்பை அளந்துட்டு வாங்க :-)