போட்டோவில் நம் நிறத்தை மாற்றாதீர்கள்!



கம்ப்யூட்டரில் போட்டோ எடிட்டிங் கற்றுக்கொள்ள நம் பள்ளியில் நிறையப் பேருக்கு ஆசை. ஒன்பதாம் வகுப்பில் மட்டும் எனக்குத் தெரிந்து ஏழு பேர். "முதல்ல என்ன கத்துக்கப் போற?" என்று கேட்டேன். ஐந்து பேர் சொன்ன பதில், "முகத்தை வெள்ளையாக்க." இது சரியில்லை என்பது என் கருத்து. நிறத்தைப் பற்றி அறிவுரை சொல்ல நான் வரவில்லை, அதை டீச்சர் நன்றாகவே சொல்வாங்க. நான் மென்பொருளை வைத்தே சொல்கிறேன்.

நான் கற்றுக்கொண்டிருப்பது கிம்ப். அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில் போட்டிருக்கிறோம். 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் ஆரம்பித்தது. இன்றுவரை இலவசம். போட்டோஷாப் 1990-ல் வந்தது, ஜான் நோல், தாமஸ் நோல் என்ற அண்ணன் தம்பி உருவாக்கியது. அதற்குச் சந்தா கட்ட வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்குக் கிம்ப்பே தாராளம். (அதன் சின்னம் வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு பிராணி. என் தம்பி அதைப் பார்க்கவே பக்கத்தில் வந்து உட்காருவான்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போட்டோ என்பது கோலப்புள்ளி மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. 255-க்கு மேல் எண்ணே கிடையாது. ஒரு கன்னத்தில் 150, 170, 190 என்று மூன்று கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக்க 100 கூட்டினால் என்ன வரும்? 250, 255, 255. இருபது இருபதாக இருந்த வித்தியாசம் போயே போச்சு. அந்த வித்தியாசம்தான் நம் கன்னக்குழி, மூக்கின் ஓரம், நெற்றிச் சுருக்கம். அப்படியே சேமித்து மூடிவிட்டால் பிறகு யார் வந்தாலும் திரும்ப எடுக்க முடியாது.

"அப்போ இருட்டா விழுந்த போட்டோவை என்ன பண்றது?" என்று கேட்பீர்கள். இருட்டு வேறு, நிறம் வேறு. ஜன்னலுக்கு முன்னால் நின்று எடுத்தால் யார் முகமும் இருண்டுதான் விழும். அதற்கு லெவல்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் நடு முக்கோணத்தை மட்டும் இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் முகம் தெளியும், கறுப்பும் வெள்ளையும் இருந்த இடத்தில் இருக்கும்.

எங்கள் அப்பத்தா இறந்தபோது இருந்தது ஒரே ஒரு கல்யாண போட்டோ, அதுவும் கூட்டத்தோடு நிற்பது. ஒரு கடையில் கொடுத்து பிரேம் போட்டு வாங்கினோம். அப்பத்தா ரோஸ் நிறமாகி, பட்டுச் சேலை கட்டி, நீல வானத்தில் நிற்கிறாங்க. தாடையில் இருந்த மச்சத்தைக் காணோம். என் தம்பி "இது யாரு?" என்றான். அப்பா ஒன்றும் பேசவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான் கேட்டு வாங்குறாங்களாம்.

மூலப் போட்டோவைச் செல்போனில் எடுத்து, மூன்று வாரம் உட்கார்ந்து நானே சரிசெய்தேன். குளோன் என்ற கருவியால் கீறல்களை மறைத்தேன் (கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு நல்ல இடத்தில் ஒரு கிளிக், பிறகு கீறல் மேல் தேய்க்க வேண்டும்). மச்சத்தையும் கண்டாங்கிச் சேலையையும் தொடவில்லை. இப்போது மாலை போட்டிருப்பது அந்தப் படத்துக்குத்தான்.

ஆண்டு விழா பேனரில் முதல் மதிப்பெண் எடுத்தவர்கள் படம் போடுவோம். போன வருடம் அச்சாகி வந்த பேனரில் பன்னிரண்டு பேரும் ஒரே நிறம். அக்காமார்களை அவங்க அம்மாக்களே தேடினாங்க. இந்த வருடப் படங்களை நம் கணினி அறையிலேயே தயார் செய்ய அனுமதி தருமாறு தலைமை ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டுவது, அளவு சரிசெய்வது, வெளிச்சம் சரிசெய்வது இவ்வளவுதான் வேலை. நானும் இன்னும் இரண்டு பேரும் தயார்.

அதற்குள் பழகிக்கொள்ள நினைப்பவர்கள் வீட்டில் கீறல் விழுந்த பழைய போட்டோ இருந்தால் எடுத்து வாங்க. மறக்காமல் கவரில் போட்டு வாங்க, கைரேகை பட்டால் அதையும் நான்தான் அழிக்கணும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி