கச்சையின் நிறமா, கற்பிக்கும் திறமா?

புதுக்கோட்டை மன்னரின் படைக்கலக் கொட்டிலில் வளைதடிகள் எப்பொழுதும் சேமித்து வைக்கப்பெற்றிருந்தன என்று எட்கர் தர்சுடன் 1909-இல் வெளியிட்ட தம் நூலில் குறித்துள்ளார். வளரி எறிந்த அம்மண்ணில், குடைவரைக் கோயிலும் அருங்காட்சியகமும் விளங்கும் திருக்கோகருணத்தில், ஒரு தாயும் தந்தையும் தம் மகளைத் தற்காப்புக் கலை பயில விடுக்க விரும்பின், எதைக் கண்டு பயிற்சிக்கூடத்தைத் தேர்வது?

பலரும் பார்ப்பது கச்சையின் நிறத்தையே. ‘விரைவில் கருங்கச்சை’ என்னும் விளம்பரத்தில் மயங்குவோர் ஒன்றை அறிதல் வேண்டும். கருங்கச்சை யூடோவின் தந்தை காணோ சிகோரோ புகுத்திய அடையாளம். அதனைப் பூனக்கோசி கிச்சின் கராத்தேயில் வழங்கத் தொடங்கியது 1924-இல்தான். அதற்கு முன் ஒக்கினாவாத் தீவில் அக்கலை கச்சையின்றியே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. நிறத்திற்கொரு தேர்வு, தேர்விற்கொரு கட்டணம் என்று கறக்கும் கூடம் கலையை விற்கவில்லை, துணியை விற்கிறது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அக்கலையின் பெயர் முன்னர்ச் ‘சீனக் கை’ என்னும் பொருளில் எழுதப்பெற்றது. ஒக்கினாவா ஆசான்மார் 1936-இல் நாகா நகரில் கூடி, ஒலியை மாற்றாமலே, ‘வெறுங்கை’ என்னும் பொருள்படும் எழுத்தை ஏற்றனர். தம் கலைக்குத் தம் பெயர் வேண்டும் என்ற உணர்வு அவர்க்கு இருந்தது. நம் கூடங்களிலோ எண்ணிக்கை சப்பானியத்தில், ஏவல் ஆங்கிலத்தில்! அடி எடுத்து வைக்கும் குழந்தைக்கு ‘ஒன்று, இரண்டு’ என்றால் கால் நகராதா? தாய்மொழியில் விளக்கினால்தான் அசைவின் காரணம் விளங்கும். விளங்கினால்தான் இடர்வேளையில் கை தானே எழும்.

ஆகவே, பணம் கட்டுமுன் பெற்றோர் ஒரு மாலை கூடத்தில் அமர்ந்து பார்க்கட்டும். விழும் முறையும் நிற்கும் முறையும் முதலில் கற்பிக்கப்படுகின்றனவா? சிறுவரும் வளர்ந்தவரும் வரைமுறையின்றி மோதவிடப்படுகின்றனரா? தலையில் அடிபட்ட பிள்ளையை உடனே நிறுத்துகின்றனரா? பெண்பிள்ளைகளிடம் ஆசான் கண்ணியம் காக்கின்றாரா? பெற்றோர் பார்ப்பதைத் தடுக்கின்றாரா? தடுக்கும் கூடத்தின் வாயிலை மீண்டும் மிதிக்கலாகாது.

இதே உரைகல் நம் சிலம்பத்திற்கும் குத்துவரிசைக்கும் உண்டு. பலகையில் தமிழ்ப் பெயர் இருப்பதனாலேயே ஒரு கூடம் நல்லதாகிவிடாது. காலடி பழக்காமல் கம்பைக் கையில் கொடுத்து, விழா மேடையில் சுழற்றிக் கைதட்டல் வாங்குவிப்பவர் ஆசானாகார். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மதிப்பு உயருந்தோறும் போலிகளும் பெருகுவர். தமிழ்ப் பெயரைத் திரையாக்கிப் பிழைப்போரைத் தமிழர்தாமே முதலில் விலக்கவேண்டும்.

அயற்கலையை வெறுப்பதால் நம் கலை வளராது. கராத்தேயின் ஒழுங்கைக் கண்டு நம் கூடங்கள் திருந்தட்டும். குத்துவரிசையின் தொன்மையை அறிந்து நம் பிள்ளைகள் நிமிரட்டும். திருக்கோகருணத்துப் பெற்றோர் முதலாகத் தமிழ்ப் பெற்றோர் அனைவரும் கச்சையைப் பாராது ஆசானைப் பார்க்க! பிள்ளையின் உடலுக்கு ஊறின்றி, நாவுக்குத் தமிழோடு, நெஞ்சுக்குத் துணிவைத் தருபவரே ஆசான் என்று தேர்க!